வெளுத்த யன்னல் சீலை

2024 ஜனவரி 4, வியாழன்

மழை விட்டு இரண்டு நாளாகியும் ஈரம் போகவில்லை. கடையில் கட்டுத் துணிகளைப் பிரித்தால் பூஞ்சண மணம். வேலைக்கு நிற்கிற றிஸானாவை வைத்து அரைவாசியை வெயிலில் போட்டு எடுத்தேன்.

வீட்டுக்கு வந்தால் அதைவிட மோசம். என் தம்பி பெண்சாதி அமானி விறாந்தை முழுக்கச் சாயமும் டர்பன்டைனுமாக உட்கார்ந்திருக்கிறாள். ஆள் உயரத்துக்கு ஒரு கன்வஸ். சிவப்பின் மேல் சிவப்பு, அதன் மேல் இன்னொரு சிவப்பு. இதுதான் போன கிழமையிலிருந்து வேலை. ஒரு பூ இல்லை, ஒரு கோடு இல்லை. நுரைச்சோலையில் புடவைக்கடை வைத்திருக்கிறவள் நான், சிவப்பில் எத்தனை சாதி உண்டென்று எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரிந்த சிவப்பையெல்லாம் மனிசர் உடுக்கிறார்கள். இவள் சுவரில் சாத்தி வைக்கிறாள்.

தம்பி ஃபைஸல் அதற்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தான். என்னடா இது என்று கேட்டேன்.

"ஒண்டுமில்ல ராத்தா. பேசாமப் பாத்துக்கொண்டிரு. கொஞ்ச நேரத்தில என்னவோ செய்யும்."

"என்ன செய்யும்?"

"தெரியா. எனக்கு நேத்து வயிறு கலங்கினது."

வயிறு கலங்கினால் ஓமத்தண்ணி குடி என்றேன். புருசனும் பெண்சாதியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் வீட்டில் என்னைப் பார்த்தே சிரிப்பு. இவன் இவளைக் கட்டியதே அவள் கீறிய ஒரு படத்தை போனில் பார்த்துவிட்டுத்தான். முகத்தைக்கூடப் பிறகுதான் பார்த்தானாம். மாத்தளையிலிருந்து சாயப் பெட்டியோடு வந்து இறங்கினாள்.

ஜனவரி 17, புதன்

ஃபைஸல் மௌத்து.

ஜனவரி 22

எழுதாமல் இருந்தால் தலை வெடித்துவிடும்.

முந்தலில் அவன் வேலை செய்த இறால் பண்ணையில், குளத்துக்குள் காற்று ஊட்டச் சுற்றுகிற கரண்ட் சில்லின் வயர் அறுந்து தண்ணிக்குள் கிடந்திருக்கிறது. காலை வைத்தான். அவ்வளவுதான். அஸர் தொழுகைக்கு முன் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். மையத்துக்குச் சுற்றுகிற கபன் துணியை என் கடையில்தான் வெட்டினேன். றிஸானா கோணலாக வெட்டத் தொடங்கினாள், அதனால் கத்தரிக்கோலைப் பறித்து நானே வெட்டினேன். அதே வெள்ளைத் துணியில் மிச்சம் இருந்ததை அமானிக்கு இத்தா உடுப்புத் தைக்கக் கொடுத்தேன்.

தொண்ணூறில் இயக்கம் எருக்கலம்பிட்டி முஸ்லிம்களை எல்லாம் விரட்டியபோது எனக்குப் பதினாலு வயது. அவன் நடக்கவும் தெரியாமல் நிற்கவும் தெரியாமல் இருந்தான். வள்ளத்தில் அவனை இடது தோளில் போட்டுக்கொண்டு வந்து கற்பிட்டியில் இறங்கினேன். உம்மா அகதி முகாமிலேயே போய்விட்டா. வாப்பா அதற்கு முன்பே இல்லை. அதன் பிறகு அவனுக்கு எல்லாம் நான்தான். என்னைக் கேட்டு வந்த மாப்பிள்ளைமாரை எல்லாம் இவன் பெயரைச் சொல்லியே திருப்பி அனுப்பினேன்.

அவன் மௌத்தான அன்றைக்கு அமானி சோறு ஆக்கவில்லை. படம் கீறிக்கொண்டிருந்தாளாம், நேரம் போனது தெரியவில்லையாம். பாணும் வாழைப்பழமும் தின்றுவிட்டுப் போனான் என் பிள்ளை. கடைசியாக அவன் வயிற்றில் இருந்தது பாண். இதை நான் யாரிடம் சொல்வேன்? சொன்னால் சின்ன விசயம் என்பார்கள்.

மையத்து வீட்டில் அவள் வாய்விட்டு அழவில்லை. எல்லாரும் கவனித்தார்கள். "கமீலாவும் அழல்லையே" என்று ஒருத்தி குசுகுசுத்தது என் காதில் விழுந்தது. எனக்கு எங்கே நேரம்? தண்ணி, கபன், பந்தல், சாப்பாடு. நான் அழ உட்கார்ந்தால் யார் பார்ப்பது?

மேற்கு அறையில் அவளை இத்தா இருத்தியிருக்கிறேன். புருசன் போனவள் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டிய நாலு மாதமும் பத்து நாளும். அந்தப் பக்கத்துத் தென்னந்தோட்டத்தில் தேங்காய் பறிக்க ஆண்கள் வருவார்கள் என்று யன்னலுக்கு இரண்டு மடிப்பாக வெள்ளைச் சீலை போட்டேன்.

ஜனவரி 30

முதல் முறையாக அவளாக வாய் திறந்தாள்.

"மதினி, என்ட பெட்டிய எங்க வெச்சீங்க?"

"என்ன பெட்டி?"

"சாயப் பெட்டி."

"இத்தாவில இருக்கிற பொம்புளைக்கு நிறம் ஆகாது."

"அது உடுக்கிறதுக்குத்தானே மதினி?"

"எல்லாத்துக்கும்தான்."

அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். பெட்டி என் அலுமாரிக்குள், திறப்பு என் இடுப்பில். அந்தச் சிவப்புப் படத்தைச் சாக்கால் சுற்றிக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் போட்டாயிற்று. புருசன் செத்துப் பதினைந்து நாள் ஆகவில்லை, சாயம் கேட்கிறது.

பெப்ரவரி 7

தாஹிர் மௌலவி பெண்சாதிக்குத் துணி எடுக்கக் கடைக்கு வந்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் கேட்டுவிட்டேன். அவர் ஓம் என்று சொன்னால் எனக்குப் பலம்.

"தங்கச்சி, இத்தாவில அலங்காரம்தான் கூடாது. நகை, அத்தர், சுர்மா, பளபளப்பான உடுப்பு. படம் கீறுறத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? உருவம் ஏதும் கீறுறாவா?"

"இல்ல ஹஸரத். வெறும் நிறம்."

"வெறும் நிறமா? அப்ப விடுங்க. பாவம், அறைக்குள்ள அடைஞ்சு கெடக்கிற புள்ள."

வீட்டுக்கு வந்து அமானியிடம், மௌலவியும் கூடாது என்றுதான் சொன்னார் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். சொல்லும்போது எனக்குக் கூசவில்லை. இப்போது எழுதும்போதும் கூசவில்லை. அவளுக்கு வலிக்கட்டும். ஒருத்தருக்காவது இந்த வீட்டில் வலிக்கட்டும்.

பெப்ரவரி 20

கொழும்பிலிருந்து ஒரு பெண் அமானியின் போனுக்குக் கோல் எடுத்தாள். போன் கூடத்தில்தான் இருக்கிறது, நான்தான் எடுத்தேன். ஜூனில் படக் கண்காட்சியாம், அமானியின் படங்களுக்குத் தனியாக ஒரு சுவர் ஒதுக்கியிருக்கிறார்களாம். சிங்களமும் தமிழும் கலந்து நல்ல மரியாதையாகத்தான் கதைத்தாள்.

"அவ அதெல்லாம் விட்டுட்டா" என்றேன். "மாப்பிள்ள மௌத்தாப் போனதோட விட்டுட்டா. இனி எடுக்க வேணாம்."

அந்தப் பெண் அழுகிற குரலில் மன்னிப்புக் கேட்டு வைத்தாள். யாரோ ஒருத்தி கொழும்பில் அழுகிறாள்! எனக்கு இன்றைக்கு இரண்டு பிடி சோறு கூடுதலாக இறங்கியது.

மார்ச் 5

மஞ்சள் தூள் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. துணிக்குப் போடுகிற நீலமும் அப்படித்தான். தன் வெள்ளை உடுப்பைத் தானே தோய்த்து நீலம் போடுகிறாள் போல. நல்லது. பீட்ரூட் வாங்கிவரச் சொன்னாள், தொடாதவள் இப்போது பச்சையாகவே தின்கிறாளாம். தேத்தண்ணிக் கோப்பையில் சாயம் கெட்டியாக நிற்கிறது. உடம்பைத் தேற்றுகிறாளாக்கும் என்று நினைத்தேன். அவள் தேறுவது எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 16

நோன்பு தொடங்கிவிட்டது. கடையில் மூச்சுவிட நேரமில்லை. பெருநாளுக்கு இந்த முறை எல்லாருக்கும் கிளிப்பச்சைதான் வேண்டும். போன முறை எல்லாருக்கும் கத்தரிப்பூ நிறம்.

ஒரு காரியம் செய்கிறேன். எழுதினால்தான் எனக்கே தெரியும் நான் என்ன செய்கிறேன் என்று. புதிதாக வந்த கட்டுகளைத் தரம் பிரிக்கிறேன் என்று சொல்லிப் பின்னேரத்தில் வீட்டுக்குக் கொண்டு வருகிறேன். கூடத்தில், அவள் அறை வாசலுக்கு நேரே விரிக்கிறேன். பட்டு, வொயில், ஜோர்ஜெட், மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து, குங்குமம். ஒவ்வொன்றாக உதறி, தடவி, மடித்து வைக்கிறேன். அவள் வெள்ளைக்குள் உட்கார்ந்துகொண்டு பார்க்கிறாள். கண் எடுக்கவே மாட்டாள். பசித்தவனுக்கு முன்னால் சாப்பிடுகிற மாதிரித்தான் இது, தெரிந்துதான் செய்கிறேன்.

"வடிவா இருக்கா?" என்று நேற்றுக் கேட்டேன்.

"வடிவா இருக்கு மதினி. நாளைக்கும் கொண்டு வாங்க" என்றாள்.

பாவனையைப் பாரேன்!

மார்ச் 27, புதன்

இன்றைக்கு எழுத்து ஒழுங்காக வராது.

நோன்பு திறக்கக் கொஞ்சம் நேரம் இருக்கும்போதே கஞ்சிக் கோப்பையோடு அவள் அறைக்குப் போனேன். வழக்கமாக றிஸானாதான் கொடுப்பாள், இன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல். கதவைத் தள்ளினேன். வெயில் மேற்கே சாய்ந்து யன்னலுக்கு நேராக நின்றது.

நான் போட்ட யன்னல் சீலை. அது வெள்ளையாக இல்லை.

மறைந்திருந்த உள்மடிப்பு முழுக்க — மேலிருந்து கீழ்வரை — நிறம். மஞ்சள் தூளும் தேயிலையும் நீலமும் பீட்ரூட்டும் சட்டிக்கரியும். இப்போது சொல்லுகிறேன், அப்போது எனக்கு அது மஞ்சள் தூளாகத் தெரியவில்லை. மேலே ஓர் அழுக்கு மஞ்சள், விடியாத மாதிரி. கீழே மண்ணிறம், அகலமாக, அசையாமல். இரண்டும் தொடுகிற இடத்தில் பச்சை என்று சொல்ல முடியாத ஒரு பச்சை. நடுவில் சற்று இடப்பக்கமாக ஒரு சிவப்பு. சிவப்பா அது? ஊதாவா? வாழ்நாள் முழுக்க நிறத்துக்குப் பெயர் சொல்லி விற்றவள் நான். அதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. வெளியிலிருந்து வெயில் அடிக்க அடிக்க அது மெல்ல இருண்டுகொண்டே போனது.

ஒரு உருவமும் இல்லை. சத்தியமாக இல்லை. வள்ளம் இல்லை, பிள்ளை இல்லை, கடல் இல்லை. ஆனால் என் இடது தோளில் பாரம் இறங்கியது. ஒரு பிள்ளையின் தலைப் பாரம். சூடு. கழுத்தில் எச்சில் ஈரம். நான் திரும்பித் தோளைப் பார்த்தேன்!

கோப்பை கையைவிட்டுப் போனது. முழங்காலில் விழுந்துவிட்டேன். என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அது என்னுடைய சத்தம் என்று கொஞ்ச நேரம் எனக்குத் தெரியவில்லை. அவன் மௌத்தான அன்றைக்கு வராதது, அடக்கிய அன்றைக்கு வராதது, உம்மா போனபோதுகூட வராதது எல்லாம் சேர்ந்து வந்தது. ஃபைஸல், ஃபைஸல் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டேன். என்ர வாப்பா, என்ர ராசா, உன்ன நான் எங்கடா தேடுவேன்... இப்படியெல்லாம் சொல்லியிருக்கிறேன். வெட்கக்கேடு.

பாங்கு சொல்லிக் கேட்டது. தலையை நிமிர்த்தினேன். அமானி தொழுகைப் பாயில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வரவில்லை. கீறியவள் தான் கீறியதைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் துணி விரித்தபோது பார்த்தாளே, அதே பார்வை.

பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "நோன்பு தொறங்க மதினி" என்றாள்.

மார்ச் 28

அவள் குளிக்கப் போன நேரம் சீலையைக் கழற்றினேன். வாளியில் ப்ளீச் முழுப் போத்தலையும் ஊற்றி உள்ளே அமுக்கினேன். மஞ்சள் முதலில் சிவந்து, பிறகு போனது. அந்தப் பெயர் தெரியாத நிறம் கடைசிவரை நின்றது. தடி போட்டு இடித்தேன். அதுவும் போனது. கைத்தோல் உரிந்துவிட்டது.

வடியவும் விடாமல் கொண்டுபோய் அதே யன்னலில் மாட்டினேன். தண்ணி நிலத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

ஏன் செய்தேன்? என்னை அவள் அப்படிப் பார்த்ததற்கு. நான் முழங்காலில் இருந்ததை ஒரு ஆள் பார்த்திருக்கிறது. அந்தச் சீலை அங்கே தொங்கும்வரை அவள் அதை நினைத்துக்கொண்டே இருப்பாள். அதுதான் காரணம், வேறு சமாதானம் சொல்ல மாட்டேன்.

அவள் தலை துவட்டியபடி வந்தாள். சீலையைப் பார்த்தாள். கத்துவாள், என் தலைமயிரைப் பிடிப்பாள் என்று நினைத்தேன். பிடித்தால் நானும் பிடிக்கத் தயாராக இருந்தேன்.

"ஈரமா இருக்கு மதினி. காயவெச்சுப் போட்டிருக்கலாமே" என்று சொல்லிவிட்டுக் குர்ஆனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஏப்ரல் 15

பெருநாள் முடிந்தது. கடை ஓய்ந்துவிட்டது.

அன்றைக்கு அழுதது பாதியில் நின்றுவிட்டது. பாங்கு சொன்னதும் நின்றது. மிச்சம் உள்ளே கிடக்கிறது, அது எனக்குத் தெரிகிறது. அவனை அடக்கிய மையவாடிக்கு வெளியே போய் நின்று பார்த்தேன். அவன் சட்டையை எடுத்து மணந்து பார்த்தேன், சவர்க்கார மணம்தான் வந்தது. அவன் படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். சிரிக்கிறான். நானும் பார்க்கிறேன். ஒன்றும் இல்லை.

தோள் வெறுமையாக இருக்கிறது.

ஏப்ரல் 29

இன்றைக்கு அவள் குசினியில் நின்ற நேரம் அந்த அறையில் போய் வெறும் வெள்ளைச் சீலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். வெயில் சரியான இடத்துக்கு வரும்வரை இருந்தேன். வெயில் வந்தது. சீலை வெள்ளையாகவே இருந்தது. கமீலா, உனக்குப் பைத்தியமா?

மே 25, சனி

நேற்றோடு இத்தா முடிந்தது. இன்றைக்குக் காலையில் அவள் வாப்பா மாத்தளையிலிருந்து வேன் பிடித்து வந்தார். அவர் என்னிடம், "எங்கட புள்ளயப் பொன்னாப் பாத்துக்கிட்டீங்க, அல்லாஹ் உங்களுக்குக் கூலி தருவான்" என்றார். அமானி பக்கத்தில் நின்றுகொண்டு, "ஓம் வாப்பா, மதினி என்ன ரொம்ப நல்லாப் பாத்தாங்க" என்றாள். அவள் அடித்திருந்தாலும் தாங்கியிருப்பேன்.

அலுமாரியைத் திறந்து பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கவில்லை.

"உங்களிட்டயே இருக்கட்டும்."

"எனக்கு எதுக்கு?"

"வெச்சிருங்க மதினி. தேவப்படும்."

கோழிக்கூட்டுக்குப் பின்னால் இருந்த சிவப்புப் படத்தையும் எடுத்து வந்தேன். மழையில் ஊறிக் கறையான் அரித்திருந்தது. அதை ஒருமுறை பார்த்துவிட்டு, எரித்துவிடுங்கள் என்றாள். வேன் திரும்பும்வரை வாசலில் நின்றேன். அவள் கை காட்டவில்லை, நானும் காட்டவில்லை.

ஜூன் 18

கொழும்புக் கண்காட்சி இந்த மாதம்தான். அந்தச் சுவரில் வேறு யாருடைய படமோ தொங்கும்.

ஆகஸ்ட் 12

பல்லைக் கடித்துக்கொண்டு இத்தனை நாள் இருந்தேன். இன்றைக்கு லுஹர் தொழுதுவிட்டுப் போன் எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள். பின்னால் சின்னப் பிள்ளைகளின் இரைச்சல். படம் கீறப் பழக்குகிறாளாம்.

"சுகமா மதினி?"

"சுகம். அமானி, ஒண்டு கேட்கணும். யன்னல் சீலையில கீறினியே, அது..."

"ஓம்."

"அத மாதிரி இன்னொண்டு கீறித் தருவியா? துணி நான் அனுப்புறன். நல்ல துணி."

அவள் எங்கோ ஒதுக்குப்புறமாக நடந்து போனாள். இரைச்சல் குறைந்தது.

"அது யாருக்குக் கீறினது எண்டு நெனச்சீங்க?"

"ஃபைஸலுக்கு."

"அவருக்கு நான் ஏன் கீறணும்? அவருக்காக நான் அழுதேன் மதினி. நீங்க கடைக்குப் போற நேரமெல்லாம் தலகாணியக் கடிச்சுக்கொண்டு அழுதேன். அது உங்களுக்குக் கீறினது."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"பெருநாள் துணியெல்லாம் கொண்டுவந்து என்ட வாசல்ல விரிச்சீங்களே, அப்பதான் படிச்சேன். எந்த நிறத்தில உங்கட கை நிக்குது, எதப் பாக்காம மடிக்கிறீங்க, எதத் தொட்டுட்டு இடது தோளத் தடவுறீங்க. ஒவ்வொரு நாளும் பாத்தேன். நாளைக்கும் கொண்டு வாங்க எண்டு கேட்டேனே, ஞாபகமா?"

"என்ன அழ வைக்கவா கீறினாய்?"

"ஓம். மௌலவிட பொண்டாட்டி பாக்க வந்தப்ப எல்லாத்தையும் சொன்னா. அவர் கூடாது எண்டு சொல்லவே இல்லையாம். கொழும்புக் கோலும் கதவால கேட்டது. பெட்டியத் தாங்க எண்டு சண்ட போட்டிருக்கலாம். போடல்ல. சாயம் இல்லாமலே உங்கள விழுத்தலாம் எண்டு தெரிஞ்சுட்டுது."

"நான் அத வெளுத்துட்டனே புள்ள."

"வெளுத்தா என்ன? அது செய்ற வேலயச் செஞ்சு முடிச்சுட்டுது. நீங்க முழங்கால்ல இருந்தீங்க, நான் பாத்தேன். எனக்கு அது போதும்."

என் குரல் எனக்கே பிடிக்காத குரலாகப் போனது. "அமானி, எனக்கு இன்னொருக்கா அழணும். மிச்சம் இருக்கு. அது வெளிய வருதில்ல."

"தெரியும்" என்றாள். அதை அன்பாகத்தான் சொன்னாள், அதுதான் என்னைக் கொன்றது. "ஆனா மாட்டேன் மதினி."

வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 13

கோபம் வரும் என்று நேற்று முழுக்கக் காத்திருந்தேன். வரவில்லை. அவள் என்னை வேவு பார்த்துக் குத்தியிருக்கிறாள், நான் அவளைத் திட்ட வேண்டும். என் மனசோ, இவ்வளவு கூர்ந்து என்னை ஒருத்தரும் பார்த்ததில்லையே என்று ஏங்குகிறது. உம்மா பார்க்கவில்லை. ஃபைஸலும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தவள் ஒருத்திதான், அவளும் என்னை வெறுத்துப் பார்த்தாள்.

செப்டெம்பர் 3

பெட்டியைத் திறந்தேன். குழாய்களில் பாதி இறுகிவிட்டது.

மண்ணிறம் ஒன்று, மஞ்சள் ஒன்று பிதுக்கித் துணியில் தேய்த்தேன். கடையில் நூறு துணியை வைத்து இதுக்கு இது பொருந்தும் என்று சொல்கிறவள், இதைச் செய்ய மாட்டேனா? சேறு மாதிரி வந்தது. சேறுதான் வந்தது.

அக்டோபர் 9

குழாய் வேண்டாம் என்று மஞ்சள் தூள், தேயிலை, பீட்ரூட், நீலம் எல்லாம் எடுத்து அவள் செய்த மாதிரியே செய்து பார்த்தேன். அதே யன்னலில், அதே வெயிலுக்கு மாட்டினேன். குசினித் துணி மாதிரி இருந்தது. எந்த நிறத்தைத் தொட்டுவிட்டு நான் தோளைத் தடவினேன்? அதைக் கேட்டிருக்க வேண்டும். இப்போது எடுத்தால் போனை வெட்டிவிடுகிறாள்.

கட்டு முழுக்க விரித்து வைத்துக்கொண்டு என் கையையே கவனிக்கிறேன். கவனிக்கிற கை சும்மா கிடக்கிறது.

அக்டோபர் 30

வியாபாரம் றிஸானா பார்க்கிறாள். நான் பின்னறையில். கீறிய துணிகளை மடித்துத் தட்டில் அடுக்கியிருக்கிறேன். எறிய மனம் வரவில்லை, பார்க்கவும் மனம் வரவில்லை.

நவம்பர் 16, சனி

கற்பிட்டியில் ஒரு மையத்து. போனேன். எல்லாரும் அழுதார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து, அந்தப் பெண்கள் எப்படி அழுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தேன்.

கடைக்குத் திரும்பியதும் றிஸானா வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

"ராத்தா, பின்னுக்குத் தட்டில இருந்த சாயத் துணியில ஒண்டு போச்சு! மேசை விரிப்பு எண்டு ஒரு பொம்புள ஆசையா எடுத்துக்கொண்டு போனா. இன்னும் இருந்தா வைக்கட்டாம்."

கதிரையைப் பிடித்துக்கொண்டேன்.

"எது? மண்ணிறத்துக்கு நடுவில சிவப்பு வெச்சதா?"

"ஓம், அதுதான்."

"விரிச்சுப் பாத்தாவா?"

"பாத்தா. வாசல்ல வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நல்லா விரிச்சுப் பாத்தா."

"பாத்துட்டு? முகம் மாறினதா? ஏதாவது சொன்னாவா?"

றிஸானா என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"அவ என்னத்தச் சொல்ற? கழுவினா சாயம் போகுமா எண்டு கேட்டா. போகாது எண்டு சொன்னேன்."

நல்லது என்றேன். பின்னறைக்குப் போய் விளக்கைப் போட்டேன். பெட்டியில் இறுகாத குழாய் இன்னும் இரண்டு இருக்கிறது. திங்கட்கிழமை இன்னொருக்காக் கீறிப் பார்க்க ஒரு துணி வெட்டி வைத்திருக்கிறேன்.